கேமரா அம்மா கையிலும் இருந்தது

கேள்வி: என் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், நோயாளி. அவரை நிறைய படம் எடுத்து வைத்திருக்கிறேன். கண்காட்சிக்கு அனுப்பு என்கிறார்கள் தோழிகள். வீட்டுக் கஷ்டத்தை ஊருக்குக் காட்டினால் அம்மாவுக்கு அவமானம் இல்லையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் புகைப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃப்ரேஸியர் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து பிராடாக்கில் 1982-ல் பிறந்தவர். ஆண்ட்ரூ கார்னகி 1875-ல் எஃகு ஆலை திறந்த ஊர் அது. ஒரு காலத்தில் ஜேஜே என்றிருந்த ஊர், ஆலை வேலைகள் குறையக் குறையக் காலியானது. போக வழியில்லாமல் தங்கிவிட்ட ஏழைக் கறுப்பினக் குடும்பங்களில் ஒன்று இவருடையது. பாட்டி, அம்மா, தான் என்று மூன்று தலைமுறைப் பெண்களைப் பல வருஷம் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்தார்.

2011-ல் எடுத்த ஜோடிப் படம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பக்கம், வலிப்பு நோய்ப் பரிசோதனையில் இருக்கும் அம்மா. முகம் தெரியாது, ஆஸ்பத்திரி அங்கி விலகிய முதுகும், தலையிலிருந்து தொங்கும் ஒயர்களும்தான். மறுபக்கம், அந்த ஊர் ஆஸ்பத்திரியையே இடித்துப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒயர்கள் தொங்குகின்றன. ஊரிலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுத்துவந்த அந்த ஆஸ்பத்திரியை 2010-ல் மூடிவிட்டார்கள். அந்த அம்மாவை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒரு நோயாளி, அவ்வளவுதான். பக்கத்தில் அந்த இடிபாட்டை வைத்ததும், இவருக்கு இப்படி ஆனதில் ஊரை நடத்தியவர்களுக்கும் பங்கு உண்டே என்று கேட்கத் தோன்றுகிறது. தலைகுனிய வேண்டியது அந்த அம்மா இல்லை.

வீடியோ, நிகழ்த்துகலை என்றும் இவர் வேலை செய்கிறார். அதே 2010-ல் லீவைஸ் தன் ஜீன்ஸ் விளம்பரத்துக்கு பிராடாக்கைக் களமாக்கியது. அதை எதிர்த்து, நியூயார்க்கில் அந்தக் கம்பெனி நடத்திய புகைப்படப் பட்டறையின் வாசலில், அந்த ஜீன்ஸையே போட்டுக்கொண்டு, துணி நைந்து கிழியும்வரை நடைபாதையில் உடம்பைத் தேய்த்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: ஃப்ரேஸியரின் அந்தக் குடும்பப் படங்களில் சிலவற்றை எடுத்தவர் அவருடைய அம்மா. மகளை நிற்க வைத்து அவர் எடுத்திருக்கிறார். தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் அவர் பேச்சும் எடுபட்டது.

அதனால் முதலில் உங்கள் படங்களை அம்மாவிடம் காட்டுங்கள். எது போகலாம், எது வேண்டாம் என்று அவரே பிரித்து வைக்கட்டும். ஒரு நாள் கேமராவை அவர் கையில் கொடுங்கள், உங்களை எடுக்கட்டும். அதையும் சேர்த்து அனுப்புங்கள். வேண்டாம் என்று அவர் ஒதுக்கியது, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், வீட்டிலேயே இருக்கட்டும்.