கதை எழுதினால் சோறு கிடைக்குமா?

அம்மா, சனிக்கிழமை கதை எழுதும் உங்கள் மகளோடு வந்துவிட்டு நீங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்களே, "கதை எழுதினா சோறு கிடைக்குமா சார்?" என்று, அதற்குப் பதில் இது.

தமிழில் கதை மட்டும் எழுதிக் குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம். 200 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீதம் ராயல்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரதிக்கு 20 ரூபாய், 500 பிரதி விற்றால் 10,000. அந்த 500 விற்கவே வருடக்கணக்கில் ஆகலாம். சாகித்ய அகாதெமி 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் தருகிறது, 50,000 ரூபாய், ஆனால் தமிழுக்கு வருடத்துக்கு ஒருவர்தான். அதையெல்லாம் வருமானக் கணக்கில் எழுத முடியாது.

அதற்காக மகளின் கதை நோட்டைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். இங்கே எழுதியவர்கள் பலர் வேறு வேலையில் இருந்துகொண்டுதான் எழுதினார்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார், பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார், இமையம் பள்ளி ஆசிரியராகவும் ப. சிவகாமி ஐ.ஏ.எஸ். அதிகாரியாகவும் இருந்தார்கள். கி. ராஜநாராயணன் விவசாயி, பள்ளிப்படிப்பையே முடிக்காதவர், அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. அதனால் பி.ஏ. தமிழ் எடுத்தால்தான் எழுத வரும் என்று அவளும் அடம்பிடிக்க வேண்டாம், பி.காம். சேர்த்துவிட்டால் கதை மறந்துவிடும் என்று நீங்களும் கணக்குப் போட வேண்டாம்.

வேலை விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு தலையில் மிச்சம் ஏதாவது இருக்குமா? விளம்பரம், சீரியல் வசனம் எல்லாமே எழுத்து வேலைதான், சம்பளமும் உண்டு, ஆனால் பகல் முழுக்க அடுத்தவர் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரி சொந்தக் கதையில் உட்கார எல்லோராலும் முடிவதில்லை. என்னிடம் வந்த ஒரு பையன் அதற்காகவே வேலையை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்தான்.

சரி, அவள் கொடுத்த கதையைப் படித்தேன். முதல் இரண்டு பக்கமும் பாட்டி செத்த துக்கம், கண்ணீர், கூடவே இடி மழை. மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது, பாட்டியின் சுருக்குப்பையைப் பிரித்தால் பாதி கொட்டைப்பாக்கும் பேத்தியின் பழைய பஸ் பாஸும் இருக்கின்றன என்று. அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டு என்றதும் முகம் சுண்டிப்போய்விட்டது, பாவம். ஆனால் எழுதுவதைவிட வெட்டுவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். முடித்த கதையை ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்து, பிறகு உரக்கப் படித்தால் எங்கே சலிப்புத் தட்டுகிறது என்று அவளுக்கே தெரியும்.

அப்புறம், அவளாகக் கொடுக்காமல் நோட்டை எடுத்துப் படிக்காதீர்கள். கதையில் வரும் அம்மா எரிந்து விழுந்தால் "இது நான்தானே?" என்று விசாரணையும் வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பாட்டி கதையையும் திருத்தி எடுத்துவரச் சொல்லுங்கள். புதிதாக ஆரம்பித்திருக்கும் நாவல் இப்போதைக்கு வேண்டாம்.