விலங்குகளில் சோதிக்காமல் மருந்தின் பாதுகாப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெங்களூரில் மருந்து ஆய்வகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. ஊருக்குப் போனால், "இன்னும் எலிக்குத்தான் ஊசி போடுறீங்களா?" என்ற கேள்வி தப்பாது.

மாற்று முறை என்றால், முழு விலங்குக்குப் பதில் மனித செல்கள், அவற்றிலிருந்து வளர்த்த திசு, கணினிக் கணிப்பு ஆகியவற்றை வைத்துச் சோதிப்பது. இரக்கம் ஒரு காரணம். உடல் வேறுபாடு இன்னொன்று. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதைச் சரியாகக் கழிக்கும் என்சைம் பூனைக்குப் போதாது.

தோல் எரிச்சல் சோதனையைப் பாருங்கள். பழைய முறையில் முயலின் முதுகை மழித்து ரசாயனத்தைத் தடவுவார்கள். இப்போது மனிதத் தோல் செல்களைச் சிறு வில்லையாக வளர்த்து, அதன்மேல் ரசாயனத்தை வைத்து, கழுவி, அப்புறம் மஞ்சள் கரைசலில் விடுகிறார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக்கும். ரசாயனம் படாத வில்லையோடு ஒப்பிட்டால் ஊதா பாதிகூட இல்லையா, அது எரிச்சலூட்டும் பொருள். ஊதா எவ்வளவு என்பதைக் கருவியால் அளந்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு.

சாயம் போகுமா என்று புடவையின் ஓரத்தை மட்டும் நனைத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. முழுப் புடவையும் சுருங்குமா என்று ஓரம் சொல்லாது. கருவின் வளர்ச்சி, நீண்டகால விளைவு போன்றவற்றுக்கு விலங்குச் சோதனை இன்னும் தொடர்கிறது.

"இந்தியாவில்தான் விலங்குச் சோதனைக்குத் தடை வந்துவிட்டதே" என்பார்கள். 2014-இல் வந்த தடை அழகுசாதனப் பொருட்களுக்கு. மருந்துக்கு 2023 விதித் திருத்தம் மாற்று முறைகளையும் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.