எழுபதில் நின்றுபோன மாட்டு விலா

அண்ணாச்சி, உங்கள் பெல்லட் கிரில் (மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் துண்டுகளை எரிக்கிற அடுப்பு) கெடவில்லை. 110 டிகிரியில் ஆறு மணி நேரம் போட்டும் கறியின் உள்சூடு 70-ஐத் தாண்டவில்லை, எடுத்துக் கடித்தால் ரப்பர் என்கிறீர்கள். கறி வியர்க்கிறது, அவ்வளவுதான். அந்த ஈரம் ஆவியாகும்போது ஏறுகிற சூட்டையெல்லாம் அதுவே தின்றுவிடும். பெரிய துண்டென்றால் இப்படி மணிக்கணக்கில் நிற்கும். நீங்கள் எடுத்தது பாதி வழியில்.

அடுத்த தடவை மேல்பக்கம் நன்றாகக் கறுத்ததும் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, மேலே அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றுங்கள். கிரில்லை 120-க்கு ஏற்றலாம். உள்ளே 95 வந்தபிறகு சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் கம்பியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால்தான் சவ்வு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். டிகிரியைவிட அந்தக் குத்துதான் கணக்கு. கம்பி எலும்பில் இடித்தால் அளவு தப்பாகக் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரிக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள்.

மேலப்பாளையத்தில் வாங்கும்போது எலும்புக்கு மேல் இரண்டு விரல் கனத்துக்காவது கறி கேளுங்கள். சூப்புக்கு வெட்டுகிற மாதிரி வெட்டினால் காய்ந்துவிடும்.

ஆடிக் காற்றில் கிரில்லைச் சுவரோரமாக வையுங்கள். நான் மொட்டைமாடியில் வைத்து ஒரு மூட்டை பெல்லட்டைக் காற்றுக்கே எரித்தவன். பெல்லட்டில் சாரல் பட்டால் மரத்தூள்தான் மிச்சம்.