மார்பகக் கேன்சர் மூளைக்குப் பரவுமா? பரவினா எத்தனை மாசம் இருப்பாங்க?

அம்மாவுக்கு மார்பகக் கேன்சர்னு சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, இப்ப காலையில தலைவலிங்கிறாங்க, மூளைக்குப் போயிருக்குமோ, போயிருந்தா எத்தனை மாசம்னு கேட்டிருக்கீங்க. அந்த "எத்தனை மாசம்"தான் என்னை எழுத வச்சது. நான் டாக்டர் இல்ல, பிகாம் படிச்சவ. ஆனா எங்கம்மாவுக்கு மூளைக்குப் போனப்புறம் ரெண்டேகால் வருஷம் கூடவே இருந்து பாத்தவ. அதனால "டாக்டரைக் கேக்காம இங்க வந்து கேக்கலாமா"ன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரியாமத்தான் நாங்க முதல் மாசத்தைத் தொலைச்சோம்.

எண்ணிக்கை முதல்ல. எல்லா கேன்சரையும் சேத்துப் பாத்தா 100 பேர்ல 10ல இருந்து 30 பேருக்கு எப்பவாவது மூளைக்குப் போகுதுன்னு சொல்றாங்க. நுரையீரல் கேன்சர்லதான் ரொம்ப அதிகம், அடுத்து மார்பகம், அப்புறம் மெலனோமாங்கிற தோல் கேன்சர், கிட்னி. மார்பகத்துலயும் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. ஆரம்ப கட்டத்துலயே பாத்து முடிச்சவங்களுக்கு வாய்ப்பு கம்மி. ஏற்கனவே வேற உறுப்புக்குப் பரவினவங்கள்ல ஹெர்2 பாசிட்டிவ் (கட்டியில ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருக்கறது), ட்ரிபிள் நெகட்டிவ் (ஹெர்2வும் இல்ல, ரெண்டு ஹார்மோன் ஏற்பியும் இல்ல) ரெண்டு வகைக்கும் மூணுல ஒருத்தர்ல இருந்து பாதிப் பேர் வரைக்கும் வரலாம். எங்கம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ், கல்லீரல்ல ஏற்கனவே இருந்துச்சு.

2019 மார்கழி. அம்மா ரிட்டயர்டு டீச்சர், கீமோ நாள்ல கூட வாசல்ல கோலம் போடாம இருந்தது இல்ல. அன்னைக்கு பால் வாங்கப் போன நான் அப்படியே நின்னுட்டேன். 15 புள்ளிக் கோலம், வலது பக்கம் இழை பிசகாம இருக்கு, இடது பக்கம் புள்ளியே வைக்கல. "ஏம்மா பாதியில விட்டுட்ட"ன்னு கேட்டா "முடிச்சிட்டேனே"ன்னு என்னையே பாக்குறாங்க. சாப்பிடும்போதும் தட்டுல இடது பக்கம் இருந்த இட்லி அப்படியே கிடக்கும். தலைவலியும் காலையில எழுந்ததும் வாந்தியும் அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இருந்துச்சு, பித்தம்னு சொல்லி இஞ்சிச் சாறு குடுத்துக்கிட்டு இருந்தோம், அதை நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. எம்ஆர்ஐ எடுத்தா வலது மூளையில 2 சென்டிமீட்டர்ல ஒரு கட்டி, சுத்தி வீக்கம். அதுக்கு முந்தின மாசம் உடம்புல எங்க கேன்சர் இருக்குன்னு பாக்க எடுத்த பெட் ஸ்கேன்ல கல்லீரல் சுத்தமா இருந்துச்சு! அப்புறம்தான் சொன்னாங்க, ஹெர்2 வகைக்குக் குடுக்கற ஹெர்செப்டின் ஊசி மருந்து மூளைக்குள்ள சரியாப் போகாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, உடம்பெல்லாம் நோய் அடங்கினாலும் அங்க மட்டும் வளரும்னு.

முதல்ல பாத்த டாக்டர் வராண்டாவுல நின்னுக்கிட்டே "நாலு மாசம், மிஞ்சினா ஆறு மாசம், மனசைத் தேத்திக்கங்க"ன்னுட்டு லிஃப்ட்ல ஏறிப் போயிட்டார். அவர் சொன்னது பொய்னு சொல்லல. சிகிச்சையே இல்லாட்டி ஒண்ணு ரெண்டு மாசம், தலை முழுக்க ரேடியேஷன் மட்டும் குடுத்தா நாலஞ்சு மாசம்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. ஆனா அது நுரையீரல், மார்பகம், நடக்க முடிஞ்சவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க எல்லாரையும் ஒண்ணாப் போட்டு எடுத்த சராசரி. இப்ப எந்த வகை, வயசு என்ன, எத்தனை கட்டி, தானா எழுந்து நடமாடுறாங்களான்னு பாத்து மார்க் போடுறாங்க. மார்பகக் கேன்சர்ல நல்ல மார்க் வாங்கினவங்கள்ல பாதிப் பேர் மூணு வருஷம் கிட்ட இருக்காங்க. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015ல, 90 வயசுல, மெலனோமா மூளையில நாலு இடத்துல இருந்துச்சு. ரேடியேஷனும், உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடற இம்யூனோதெரபியும் எடுத்து 2024 டிசம்பர் வரைக்கும், 100 வயசு வரைக்கும் இருந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்கும்னு சொல்ல வரல, மோசமான கணக்கும் இருக்கு, மூளையைச் சுத்தியிருக்கற திரவத்துல பரவிட்டா ரொம்ப கஷ்டம்.

அம்மாவுக்கு மூளை வீக்கத்தைக் குறைக்கற டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு குடுத்த ரெண்டாம் நாளே தலைவலி போச்சு, ராத்திரி 2 மணிக்கு எழுப்பி தோசை கேட்டாங்க, சுகர் 380க்குப் போச்சு. சொந்தக்காரர் ஒருத்தர் "ஸ்டீராய்டு உடம்பைக் கெடுத்துடும்"னு பயமுறுத்த, அம்மா எங்களுக்குத் தெரியாம நிறுத்திட்டாங்க, மூணாம் நாள் வாந்தியோட எமர்ஜென்சிக்கு ஓடினோம். அப்புறம் கட்டிக்கு மட்டும் குறி வச்சு ஒரே சிட்டிங் ரேடியேஷன். தலை அசையாம இருக்க, வெந்நீர்ல நனைச்ச வலை மாதிரி பிளாஸ்டிக்கை முகத்துல வச்சு அழுத்தி அச்சு எடுப்பாங்க, அது இறுகறப்போ அம்மா என் விரலை விடவே இல்ல. அதுக்கப்புறம் லபாட்டினிப், கேப்சிடபின்னு ரெண்டு கேன்சர் மாத்திரை, உள்ளங்கால் தோல் உரிஞ்சு வெறுங்காலோட நடக்க முடியாது. ஆனா தை மாசக் கடைசியில கோலத்துல ரெண்டு பக்கமும் புள்ளி வந்துடுச்சு.

இந்த நேரத்துல பென்ஷன் எடுக்கற பேங்க்ல அம்மா கையெழுத்து ஒத்துப்போகல, நேர்ல வரணும்னாங்க. ஸ்டீராய்டுல கை நடுங்குது, சர்டிபிகேட் இருக்கு, கைநாட்டு வாங்கிக்கங்கன்னு கெஞ்சினேன். 31 வருஷம் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவங்களை வீல்சேர்ல உக்கார வச்சு நாலு தடவை கையெழுத்துப் போடச் சொன்னாங்க. நீங்க கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா உங்கம்மா கை நல்லா இருக்கறப்பவே அக்கவுண்ட்டை ஜாயின்ட்டா மாத்திடுங்க.

14 மாசம் கழிச்சு மூளையிலயே வேற அஞ்சு இடத்துல வந்துச்சு. தலை முழுக்க 10 சிட்டிங். முடி கொட்டிச்சு, பேர் மறந்துச்சு, என் பொண்ணைப் பாத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதுக்கப்புறமும் ஒரு வருஷம் இருந்தாங்க.

இப்ப உங்களுக்கு. தலைவலி எல்லாமே இது இல்ல, அறிகுறி இல்லாத மார்பகக் கேன்சர்காரங்களுக்கு வழக்கமா மூளை ஸ்கேன் எடுக்கறதும் இல்ல. ஆனா காலையில எழுந்ததும் வலி, கூட வாந்தி, தடுமாற்றம், ஒரு பக்கம் கவனிக்காம விடறது, ஃபிட்ஸ், இதுல எது இருந்தாலும் காத்திருக்காம எம்ஆர்ஐ கேளுங்க. ஃபைல்ல ஹெர்2 என்னன்னு பாத்து வச்சுக்கங்க. வராண்டாவுல நின்னு மாசக் கணக்கு சொன்னா, உக்காந்து பேசற வேற ஒரு டாக்டர்கிட்ட அதே ஸ்கேனைக் காட்டுங்க. ஸ்டீராய்டு எழுதிக் குடுத்தாங்கன்னா யார் பேச்சைக் கேட்டும் திடீர்னு நிறுத்தாதீங்க.