உள்விளிம்பில் தேயும் டயர்: பழைய ஸ்கார்ப்பியோவுக்கு எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: என்னிடம் 2012 மாடல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ டீசல் வண்டி இருக்கிறது. 1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டு போட்ட முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டயர் கடையில் நான்கு டயரையும் மாற்றி, கொஞ்சம் பெரிய அளவில் போடச் சொல்கிறார்கள். ஒர்க்ஷாப்பில் முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதையும் ஸ்டீயரிங் ரேக்கோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். புரோக்கர் ஒருவர், 2027-இல் 15 ஆண்டு முடிந்துவிடும், இப்போதே தள்ளிவிடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், தாராபுரம்)

பதில்: மூவரும் அவரவரிடம் விற்பதற்கு இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் என்ன கோளாறு என்று சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்துச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அந்த வேலைதான் முதலில் நடக்க வேண்டும். அதற்குள் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

செருப்பின் தேய்மானத்தைப் பார்த்தே ஒருவருடைய நடையைச் சொல்லிவிடலாம் என்பார்கள்; டயரும் அப்படித்தான். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு, மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று பொதுவாகக் கொள்ளலாம். உள்விளிம்பு மட்டும், அதுவும் இரண்டு முன் டயர்களிலும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கிறது என்றால், சக்கரங்கள் நேராக நிற்கவில்லை என்று பொருள். வண்டி ஓடும்போது அவற்றின் முன்முனை வெளிப்பக்கம் விரிந்திருக்க வேண்டும், அல்லது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்த வயதுள்ள வண்டியில் அதற்குக் காரணம் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர்), பால் ஜாயின்ட் (அந்தக் கை சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டு), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் தண்டு சக்கரத்தோடு சேரும் முனை) ஆகிய மூன்றில் ஒன்றில் ஏற்பட்ட ஆட்டமாகவே இருக்கும். அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு புது டயர் போட்டால், சென்ற ஆண்டு நடந்தது அப்படியே மறுபடியும் நடக்கும்.

இதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். எந்தக் காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டாம். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். கையில் ‘டக்’ என்று ஓர் ஆட்டம் உணரப்பட்டால், வீட்டில் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டிப் பாருங்கள்: ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். அடுத்து இடமும் வலமுமாகக் கை வைத்து ஆட்டுங்கள். இந்தத் திசையில் மட்டும் தட்டல் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (ஸ்டீயரிங் ரேக்கின் முனை மூட்டு) தேய்ந்திருக்கிறது.

ஒன்றும் ஆடவில்லை என்றாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. ஜாக்கை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அடியில் வைத்துத் தூக்கும்போது, ஸ்பிரிங் லோயர் ஆர்மைக் கீழ்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்வதால், கீழ் பால் ஜாயின்டில் உள்ள ஆட்டம் கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். லோயர் ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கை வைத்துத் தூக்கி, லீவரால் புஷ்ஷை நெம்பி, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கும் மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். பளபளப்பான கடையைவிட, தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் வேன்களும் பழைய ஜீப்களும் வேலைக்கு நிற்கும் பட்டறையில் இப்படிப்பட்டவர் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

நடுக்கத்தைப் பொறுத்தவரை, அது எங்கே உணரப்படுகிறது என்பதுதான் முக்கியம். ஸ்டீயரிங்கில் உணரப்பட்டால் முன் சக்கர பேலன்சிங் (சுற்றும் சக்கரத்தின் எடைச் சமன்) தவறியதும் தேய்ந்த டயரும் காரணமாக இருக்கும். இருக்கையில் உணரப்பட்டால் பின் சக்கரத்தையோ, இன்ஜின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டையோ பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. ஒருபக்கமாகத் தேய்ந்த டயரை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் முழுமையாக நிற்காது என்பதால், உங்கள் வண்டியில் நடுக்கமும் தேய்மானமும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஆட்டமுள்ள பாகம், பிறகு டயர், பிறகு பேலன்சிங், கடைசியாக அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து நேராக்குவது). நம் ஊர்க் கடைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வண்டி வந்தவுடன் அலைன்மென்ட் மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். புஷ் வெடித்த வண்டியில் எடுக்கப்படும் அளவு, அந்த வண்டி மேடையை விட்டு இறங்கி முதல் வேகத்தடையைத் தாண்டியதுமே மாறிவிடும். சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவு, சரிசெய்த பின் எடுத்த அளவு என இரண்டு பிரிண்டையும் கேட்டு வாங்குங்கள். முன் அளவைத் தர மறுக்கும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ‘நான்கு சக்கர அலைன்மென்ட்’ என்று தனிக் கட்டணம் கேட்டால், பின்னால் எதைத் திருப்பிச் சரிசெய்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஸ்கார்ப்பியோவின் பின் அச்சு ஒரே துண்டு. அங்கே அளந்து பார்க்கலாமே தவிர, மேடையில் வைத்துத் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது.

டயருக்கு வருவோம். பின் டயர்கள் நன்றாக இருந்தால் இரண்டு டயர் போதும், நான்கு தேவையில்லை. புதிய இரண்டையும் பின்னால் போட்டு, பின்னால் இருக்கும் நல்ல டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். பலரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். தேய்ந்ததைப் பின்னால் தள்ளிவிட்டால் மழைச் சாலையில் வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சுழன்றுவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பி அதை மீட்பது பழகிய ஓட்டுநருக்கே கடினம். டயரில் வெட்டியிருக்கும் காடியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. காடிக்குள் குறுக்கே தெரியும் சிறு மேட்டின் உயரத்துக்கு உள்விளிம்பு தேய்ந்துவிட்டதென்றால், வெளிப்பக்கம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது.

இரண்டு டயர் போதும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கவனிக்காமல் விட்டுப் பெருஞ்செலவில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் ஸ்கார்ப்பியோவா என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண ஸ்கார்ப்பியோவில் இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். அதில் முன் டயரும் பின் டயரும் உயரத்தில் கொஞ்சம் வேறுபட்டாலும் கெடுதல் இல்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலோ, அந்த வசதியைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுவிடும், இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். புது டயர் உயரம், தேய்ந்த டயர் குட்டை. குட்டையான சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்ற வேண்டும், ஆனால் பூட்டு அதை விடாது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க வழியில்லாததால், அந்த முறுக்கு முழுவதும், சக்தியை இரு அச்சுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் அச்சுகளிலும் ஏறி, சத்தம் வந்து, கடைசியில் பல்சக்கரங்கள் உடையும். ஆகவே அந்த வண்டியில் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியை மாட்டியிருக்கும்போது ஃபோர் வீல் டிரைவைப் போடாமல் இருப்பது நல்லது. மலைக்கோ தோட்டத்துக்கோ போகாமல், அந்த வசதியை ஒருபோதும் தொடாமல் ஓட்டுகிறவருக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் அதைப் போடுவார்.

பெரிய அளவு டயர் வேண்டவே வேண்டாம். உங்கள் வண்டிக்கான அளவும் காற்றழுத்தமும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளன. அந்தக் காலத்து ஸ்கார்ப்பியோவில் வழக்கமான அளவு 235/70 ஆர்16. அதன் மொத்த உயரம் சுமார் 735 மில்லிமீட்டர். கடைக்காரர் ஆசை காட்டும் 245/75 ஆர்16 சுமார் 774 மில்லிமீட்டர் வரும். இது ஐந்து சதவீதம் அதிகம் என்பதால், மீட்டரில் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 84-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பால் ஜாயின்டும் வீல் பேரிங்கும் கூடுதல் எடையைச் சுமக்கும். விபத்து என்று வந்தால், காப்பீட்டுக்காரர் கேள்வி எழுப்ப நீங்களே இடம் கொடுத்ததாகவும் ஆகும். நைட்ரஜன் காற்றுக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் வாங்குவதில் என்னை மிகவும் வருத்தும் மோசடி, பழைய இருப்பைப் புதியதென்று விற்பதுதான். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1824 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், பழைய சரக்கானால் கடைக்காரர் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிடுவார். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். அந்த நான்கு இலக்கத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு டயர் கேளுங்கள். தேய்ந்த டயரில் கத்தியால் காடி வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்து ‘செகண்ட்ஸ்’ என்று விற்பதும் நடக்கிறது. அதைத் தொடவே வேண்டாம், கம்பிக்கும் ரப்பருக்கும் இடையில் இருந்த கொஞ்சப் பாதுகாப்பையும் அந்தக் கத்தி எடுத்துவிட்டிருக்கும். பால் பாக்கெட்டில் தேதி இல்லாவிட்டால் கேள்வி கேட்கும் நாட்டில், 100 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தைச் சுமக்கும் டயரின் வயதை வாங்குகிறவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒர்க்ஷாப் சொன்ன ‘முழு சஸ்பென்ஷன்’ பட்டியலையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ரேக் எண்ட் தேய்ந்திருப்பதைக் காட்டி ரேக் அசெம்பிளியையே விற்பது பழைய வழக்கம். ரேக்கில் எண்ணெய் ஒழுகினாலோ, ரேக்கின் உள்ளேயே ஆட்டம் இருந்தாலோதான் அதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் ஆட்டத்தை உங்கள் கையால் உணரச் செய்த பிறகே மாற்றச் சம்மதியுங்கள். பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுப்பது நல்லது. உதிரிபாகக் கடைக்கும் பட்டறைக்கும் இடையில் ஓடும் கமிஷன்தான் பாதிப் பட்டியலை நீளமாக்குகிறது. கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போடச் சொல்லுங்கள். புஷ்களின் போல்ட்டை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும். வீல் நட்டையும் காற்றுத் துப்பாக்கியால் முடித்துவிடாமல் கையால் இறுக்கச் சொல்லுங்கள்.

இனி, புரோக்கர் சொன்ன 15 ஆண்டு. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்த உத்தரவைக் காட்டி, நம் ஊரில் வண்டிக்காரர்களைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள். அந்த உத்தரவு தமிழ்நாட்டுக்கு உரியதன்று. இங்கே சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கார், ஜீப் வகைக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. சக்கரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டிய அந்த ஆய்வு, பல இடங்களில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுப்பதோடு முடிந்துவிடுகிறது. முன் டயரில் கம்பி தெரியும் வண்டியும் அதில் தேறிவிடுவதைப் பார்க்கும்போது, இந்த ஏற்பாடு யாருக்காக இருக்கிறது என்ற கோபம்தான் வருகிறது.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை வண்டியின் வயதைக் கொண்டு தீர்மானிக்காமல் சேசிஸைப் பார்த்துத் தீர்மானியுங்கள். முன் ஆர்ம்கள் பொருந்தும் இடங்களிலும், பின் ஸ்பிரிங் உட்காரும் இடங்களிலும் துரு ஆழமாக ஏறி, சுத்தியால் தட்டினால் தகடு உதிர்ந்தால் விற்றுவிடுங்கள். அங்கே உறுதியாக இருந்தால், மேலே சொன்ன வேலைகளை முடித்து நிம்மதியாக ஓட்டுங்கள். பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள், புதுப்பிப்பு விண்ணப்பமான படிவம் 25-ஐ நீங்களே கொடுங்கள். அதற்கு முன்பே ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஆர்சி புத்தகத்தைக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். புதுப்பிக்கத் தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.