முதலாளிகளுக்கு: இந்த மாதக் கேள்விகள்

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாம் தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் சட்டம் பற்றியவை. கடைக்காரர்களே அதிகம் கேட்டிருக்கிறார்கள். சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

சாட்ஸ்வொர்த் வாசகர்: என் டெலிவரி டிரைவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. இரண்டு மாதம் லீவு கேட்கிறார். ஆண்களுக்குப் பத்து நாள்தானே?

பத்து நாள் என்பது 2025 செப்டம்பர் வரை. 2025 அக்டோபர் 3 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், இருவருக்கும் சேர்த்து நான்கு மாதமும் பத்து நாளும். யார் எவ்வளவு எடுப்பது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முடிந்தவரை சரிபாதி. ஒருவர் மட்டும்தான் வேலையில் இருக்கிறார் என்றால், நான்கு மாதமும் அவருக்கே. உங்கள் டிரைவரின் மனைவி வேலைக்குப் போகாதவர் என்றால் இரண்டு மாதம் என்ன, நான்கு மாதமே கேட்கலாம்!

நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த மூன்று ஆண்டு அவகாசம் கிடைத்திருக்கிறது. அதற்காக நாம் காத்திருக்க முடியாது. இந்த லீவு ஏற்பாடு தீர்ப்பு நாளிலிருந்தே நடப்பில் இருக்கிறது. அந்த நாட்களுக்குச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வேலை அவருக்காகக் காத்திருக்க வேண்டும். இன்றே உட்கார்ந்து பேசி, தேதிகளை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். “குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வாளே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீதிமன்றம் தள்ளிய வாதமே அதுதான்.

பீனிக்ஸ் வாசகர்: சமையல் உதவிக்கு வாரம் 1,000 ரேண்ட், மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு. போதாதா?

அவர் தன் சம்பள நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஓரத்தில் மசாலாக் கறை. தேதி, பெயர், 1,000, பக்கத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. எத்தனை மணிநேர வேலை என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. கேட்டபோது, வாரம் 45 மணிநேரம் என்றார்.

சரி, கணக்குப் போடுவோம். 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி முடியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட். 45 மணிநேரத்துக்கு 1,295.55. அந்த விகிதத்திலேயே வாரத்துக்கு 295.55 குறைகிறது. சாப்பாடு, பஸ் காசு, டிப்ஸ், போனஸ் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆய்வாளர் வந்தால் பாக்கியோடு அபராதமும் உண்டு: குறைத்துக் கொடுத்த தொகையைப் போல இருமடங்கு, அல்லது மாதச் சம்பளத்தைப் போல இருமடங்கு, இதில் எது பெரிதோ அது. நீங்கள் நல்ல மனதோடு சோறு போடுகிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சட்டத்தில் சோறு வேறு, கூலி வேறு. நோட்டில் மணிநேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் விகிதம் மாறும் என்பதையும் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

டோங்காட் வாசகி: வீட்டு வேலைக்கு வாரம் இரண்டு நாள், மூன்று மூன்று மணிநேரம் ஒரு அம்மா வருகிறார். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. 2022 முதல் வீட்டுப் பணியாளருக்கும் இதே விகிதம்தான். மூன்று மணிநேரத்தில் வேலை முடிந்தாலும் நான்கு மணிநேரக் கூலி, அதாவது 28.79 விகிதத்தில் நாளுக்கு 115.16. மாதம் 24 மணிநேரத்துக்கு மேல் போகிறது என்பதால் யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பதிவும் வேண்டும், அவரிடம் ஒரு சதவீதம், உங்களிடம் ஒரு சதவீதம். வேலையில் அடிபட்டால் இழப்பீட்டு நிதியும் அவருக்கு உண்டு. முதலாளி வீட்டு நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பணிப்பெண்ணின் மகள் வழக்காடி, 2020இல் வாங்கித்தந்த உரிமை அது.

டர்பன் வாசகர்: எங்களிடம் 38 பேர். வேலைவாய்ப்புச் சமத்துவ அறிக்கை அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல், விற்றுமுதல் எவ்வளவு இருந்தாலும் 50 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடமை இல்லை. பாகுபாடு காட்டக்கூடாது என்ற விதி மட்டும் எல்லோருக்கும் உண்டு.

வெருலம் வாசகர்: கல்லாவில் பணம் எடுத்தவனைக் கேமராவில் பார்த்தேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் நிறுத்திவிட்டேன். இப்போது சி.சி.எம்.ஏ. (தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம்) நோட்டீஸ் வந்திருக்கிறது.

ஐயா, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். 2025 செப்டம்பர் 4 முதல் வேலைநீக்கத்துக்குப் புதிய நடைமுறைக் கோவை வந்திருக்கிறது. சின்ன வியாபாரம் கோர்ட் மாதிரி விசாரணை நடத்தத் தேவையில்லை என்று அதுவே சொல்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் “இதைச் செய்தாய் என்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டுப் பதிலைக் காதில் வாங்குவது இன்னும் கட்டாயம். அதற்குப் பத்து நிமிடம் போதும். அதைத்தான் நீங்கள் செய்யவில்லை. திருட்டு நிரூபணமானாலும், வழிமுறை தவறு என்று இழப்பீடு கட்டச் சொல்லலாம். உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். கேமராப் பதிவு தானாக அழிவதற்குள் நகல் எடுங்கள். சமரசப் பேச்சுக்குத் தவறாமல் போங்கள். எடுத்த பணத்துக்காகக் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தால், முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள்.

மற்றொரு டர்பன் வாசகர்: தீபாவளிக்கும் காவடிக்கும் ஆட்கள் லீவு கேட்கிறார்கள். அரசு விடுமுறை இல்லையே?

இல்லைதான். ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பொது விடுமுறையான டிசம்பர் 16 அன்று வேலைக்கு வந்தால் தைப்பூசத்தை ஒட்டி ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று பேசிக்கொள்ளலாம். அப்படி மாற்றியவருக்கு டிசம்பர் 16 சாதாரண வேலைநாள். இரட்டைச் சம்பளம் கிடையாது. இதை முன்னதாகவே எழுதி வாங்கிவிடுங்கள்.