லண்டன் காய்ச்சல் மருத்துவமனைகளில் ஸ்கார்லெட் காய்ச்சல்: கேள்வி பதில்

கேள்வி: தொண்டை வலி, சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதானே? அதற்கு ஏன் அந்தக் காலத்தில் பிள்ளைகளை மருத்துவமனையில் ஆறு வாரம் வைத்திருந்தார்கள்?

பதில்: காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அப்புறம் தோல் உரியத் தொடங்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் அது வாரக்கணக்கில் நீடிக்கும். அந்தத் தோலில்தான் தொற்று இருக்கிறது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். ஆனால் கிருமி இருந்தது தொண்டையில், மூக்கில், சீழ் வடியும் காதில். அதனால்தான் தோல் முழுக்க உரிந்து வீடு திரும்பிய பிள்ளையிடமிருந்தும் தம்பி தங்கைகளுக்கு நோய் தொற்றியது.

கேள்வி: ஏழைகளுக்கும் இடம் கிடைத்ததா, ஐயா?

பதில்: ஏழைகளுக்காகவே தொடங்கியதுதான். 1867-ல் லண்டனின் ஏழை நோயாளிகளுக்காக அமைந்த மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டு என்ற பொது வாரியம், நகரின் ஹோமர்டன், ஸ்டாக்வெல், ஹாம்ப்ஸ்டெட் ஆகிய பகுதிகளில் மருத்துவமனைகளைக் கட்டியது. பிறகு மற்றவர்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள்.

கேள்வி: சிறுநீரகம் கெடும் என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், பிள்ளை தேறிவிட்டது என்று எல்லோரும் நினைக்கும்போதுதான் அது வரும். காலையில் முகம் வீங்கியிருக்கும், சிறுநீர் புகை நிறத்தில் போகும். அதற்காகவே செவிலியர்கள் சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சிப் பார்ப்பார்கள். கலங்கினால் புரதம் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே படுக்கை, பால் ஆகாரம், பேதி மருந்து, வியர்க்க வைக்க வெந்நீரில் நனைத்த கம்பளிப் போர்வை. இவை எதுவும் நோயின் வேரைத் தொடவில்லை. ஆனால் அந்தச் செவிலியர்களின் கண்காணிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: காது?

பதில்: கிருமியைக் கட்டுப்படுத்தும் போரிக் அமிலக் கரைசலால் கழுவுவார்கள். சீழ் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குப் பரவினால் உளியால் திறந்து வடிப்பார்கள். உயிர் பிழைத்தும் கேட்கும் திறனை இழந்த பிள்ளைகள் பலர்.

கேள்வி: ஒரே வார்டில் இத்தனை பேரை வைத்தது சரியா?

பதில்: சரியில்லை. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தக் காய்ச்சலைத் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் பல வகை உண்டு. 1934-ல் பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் ஃபிரெட் கிரிஃபித் அவற்றைப் பிரித்தறியும் முறையை விரிவாக வெளியிட்டார். வார்டுகளில் சோதித்தபோது, ஒரு வகையோடு வந்த பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலிலிருந்து வேறு வகை தொற்றுவது தெரிந்தது. காதுச் சீழும் திரும்ப வரும் காய்ச்சலும் பல பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகே வந்தன. நோயின் இயல்பு என்று நினைத்ததில் ஒரு பங்கு வார்டு கொடுத்தது. தனி அறையில் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

கேள்வி: மருந்தே இல்லையா?

பதில்: சிகாகோவின் மருத்துவர்களான டிக் தம்பதியர் 1920-களில் கிருமியின் நச்சைக் கண்டறிந்ததும், குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த நச்சு முறிப்பான குதிரைச் சீரம் பரவலானது. நச்சின் கடுமையை அது தணித்தது, சீழைத் தடுக்கவில்லை. கிருமியையே தாக்கும் மருந்துகள் பிறகுதான் வந்தன: 1930-களில் சல்ஃபா மருந்துகள், அடுத்த பத்தாண்டில் பெனிசிலின்.

கேள்வி: என் மகளுக்கு இப்போது வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட வேண்டாம். சில வாரங்களுக்குள் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ, மூட்டு வலித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.